‘பசுமைச் சாதனை’ என்று துண்டுப்பிரசுரம் வந்தால் எதைச் சரிபார்ப்பது?

கேள்வி: பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் மாவட்டத்து அரசியல்வாதி ஒருவர், காலநிலைக்காகவும் தூய சக்திக்காகவும் தான் செய்தவை என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடித்து தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகக் கொடுத்திருக்கிறார். அதில் நான்கு விடயங்கள் இருக்கின்றன. உமா ஓயா மின்திட்டம் தங்கள் ஆட்சியின் சாதனை. தங்கள் காலத்தில்தான் நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வந்தது. பாராளுமன்றத்தில் காலநிலைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். எங்கள் தோட்டப் பாதைக்கும் கோயிலுக்கும் சூரிய விளக்கு போட்டுத் தந்தார். இவற்றைச் சரிபார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லும்படி இளைஞர் கழகத்தில் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கையில் ஒரு ஸ்மார்ட் போன்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: தங்கச்சி, ஸ்மார்ட் போன் தாராளமாகப் போதும். துண்டுப்பிரசுரத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள். எந்தத் திகதியில் நடந்தது, யாருடைய கையெழுத்தில் நடந்தது, யாருடைய பணத்தில் நடந்தது. பேச்சு எல்லோருக்கும் வரும், அதை ஓரமாக வையுங்கள். நான்கில் இரண்டு உரிமைகோரல்கள் திகதியைப் போட்டுப் பார்த்தாலே பாதியாகிவிடும்.

முதலில் உமா ஓயா. அதைப் பற்றி என்னைவிட உங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் அதிகம் தெரியும். 2008 ஏப்ரலில் மகிந்த ராஜபக்சவும் அப்போதைய ஈரான் ஜனாதிபதி அகமதிநெஜாத்தும் அடிக்கல் நட்டார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவும் அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரைசியும் திறந்து வைத்தார்கள். இடையில் 16 வருடங்கள், நான்கு ஜனாதிபதிகள். ஈரான் மீதான பொருளாதாரத் தடைகளால் வெளிக்கடன் நின்றுபோக, பெரும்பகுதிச் செலவை இலங்கை அரசே ஏற்க வேண்டி வந்தது. 120 மெகாவாட் நிலையம் அது. இப்படிப்பட்ட திட்டத்தில் எந்தக் கட்சியும் ‘நாங்கள்தான்’ என்று சொல்லலாம், எந்தக் கட்சியும் முழுதாகச் சொல்ல முடியாது. தலவாக்கலையில் மேல் கொத்மலையும் அப்படித்தான். எண்பதுகளிலேயே சாத்திய ஆய்வு முடிந்தது, 2006இல் வேலை தொடங்கியது, 2012இல் மின்சாரம் வந்தது. நீர்மின் திட்டத்தில் நாடா வெட்டியவர் பெரும்பாலும் அதைத் தொடங்கியவராக இருக்க மாட்டார்.

அதனால் ‘யார் கொண்டுவந்தது’ என்ற கேள்வியை விடுங்கள். அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: சுரங்கம் தோண்டும்போது நீர் கசிந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தபோது இவர் என்ன செய்தார்? 2014 கடைசியிலிருந்து அந்தப் பிரச்சினை இருந்தது. 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே தெருவில் இறங்கியது. அந்த மாதங்களின் ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்ற அதிகார அறிக்கையை, எடுத்துப் பாருங்கள். இவருடைய பெயர் அங்கே இருக்கிறதா? நட்டஈடு பற்றி வாய்மூல வினா கேட்டாரா? அமைச்சர் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலை விடாமல் பின்தொடர்ந்தாரா? தூய சக்தி என்று ஒரு திட்டத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்பவர், அதனால் தண்ணீர் இழந்த வீடுகளையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

இரண்டாவது உரிமைகோரல்தான் பலரை ஏமாற்றுவது. பாதிக்கு மேல் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி என்ற எண் பொய்யாக இருக்காது, அதுதான் சிக்கல். நம் நாட்டில் அந்தச் சதவீதம் பெரும்பாலும் மழையின் கணக்கு. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழிந்தால் எண் ஏறும், சேறு தெரிந்தால் இறங்கும். 2012 வறண்ட வருடம். பெரிய நீர்மின் நிலையங்கள் நாட்டின் மின்சாரத்தில் கால்வாசிகூடக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் நல்ல மழை. அதே நிலையங்கள் பாதியளவு கொடுத்தன. அதே ஜனாதிபதி, அதே அரசாங்கம். மேல் கொத்மலை புதிதாகச் சேர்ந்தது உண்மைதான், ஆனால் 150 மெகாவாட் தனியாக இவ்வளவு பெரிய தாவலைத் தராது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட்டில் ஓர் இயந்திரம் பழுதாகி நின்றாலும் சதவீதக் கணக்கு மாறும். இதில் எதற்கும் எந்த அரசியல்வாதியும் கைதட்டு வாங்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டிய எண் வேறு. அந்த ஆட்சிக்காலம் தொடங்கிய வருடத்திலும் முடிந்த வருடத்திலும் நிறுவப்பட்டிருந்த கொள்ளளவு எத்தனை மெகாவாட் என்று பாருங்கள். காற்று, சூரியன், சிறு நீர்மின் ஆகியவற்றைப் பெரிய நீர்மின்னோடு சேர்க்காமல் தனியாக எடுங்கள். மத்திய வங்கி வருடாவருடம் வெளியிடும் அறிக்கையில் இந்த அட்டவணை இருக்கும், தமிழிலும் வரும். இரண்டு வருடத்து அறிக்கையைத் தரவிறக்கி அந்த ஒரு பக்கத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொள்ளளவு ஏறியிருந்தால் யாரோ வேலை செய்திருக்கிறார்கள். சதவீதம் மட்டும் ஏறியிருந்தால் மழை பெய்திருக்கிறது.

கூரைச் சூரிய மின்சாரத்தையும் அதே அட்டவணையில் பார்ப்பீர்கள். 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தில் ஓர் அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாயும் பின்னர் 15.50 ரூபாயும் தருவதாக வாக்குறுதி கொடுத்தார்கள். நல்ல திட்டம், நன்றாகவே வளர்ந்தது. ஆனால் சொந்தக் கூரையும் தன் பெயரில் மின் கணக்கும் உள்ளவருக்கான திட்டம் அது. லயத்துக் கூரை யாருடையது? காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, உறுதி எவரிடமும் இல்லை. ஆகவே மலையகத்து அரசியல்வாதியிடம் சூரிய சக்தி பற்றிக் கேட்கும்போது, தோட்டக் குடும்பங்கள் அதில் சேர வழி கேட்டு எப்போதாவது ஒரு கடிதம், ஒரு பிரேரணை கொடுத்தாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் காணியுறுதி பற்றிய பேச்சுதான் பதிலாக வரும். பரவாயில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விடயம் உண்மையில் அங்கேதான் முட்டி நிற்கிறது.

மூன்றாவது, குரல் கொடுத்தது. ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதிவாரியாக இருக்கிறது. பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். ஆகவே அவர் தமிழில் பேசியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. எத்தனை முறை பேசினார் என்று எண்ணுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடந்த நாட்களை எடுங்கள், அதில் ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பட்டியலும் பெயரோடு இருக்கும். இரண்டிலும் இல்லாதவர் அன்று வரவில்லை, அல்லது வாக்களிக்கவில்லை. 2024 ஜூன் 6ஆம் திகதி மின்சாரச் சட்டமூலத்துக்கு 103 பேர் ஆதரவாகவும் 59 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 225 பேர் கொண்ட சபையில் மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பது சுவாரசியமான கேள்வி. மின்சார சபையைப் பிரிக்கும் அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். உங்கள் ஆள் அன்று எங்கே இருந்தார் என்பது ஐந்து நிமிட வேலை.

பேச்சுக்கும் கையெழுத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க, அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்சவின் 2021ஆம் ஆண்டு போதும். அந்த வருடம் இலங்கை ஐ.நா.வுக்குக் கொடுத்த திருத்திய வாக்குறுதியில் 2030க்குள் 70 சதவீத மின்சாரம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து என்றும், புதிய நிலக்கரி நிலையங்கள் கிடையாது என்றும் எழுதப்பட்டது. செப்டெம்பரில் புதிய நிலக்கரி வேண்டாம் என்ற சர்வதேச உடன்பாட்டை முன்னெடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதற்குப் பிறகு புதிய நிலக்கரி நிலையம் எதுவும் கட்டப்படவில்லை. அவரைப் பிடிக்காதவர்களும் இதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அதே வருடம் மே மாதம் இரசாயன உரத்துக்கும் தடை வந்தது, அதுவும் வர்த்தமானியில்தான். நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அந்தக் கொள்கையைப் பெருமையாக முன்வைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது என்றாலும், உரம் காணாத மலையில் கொழுந்து குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நேம், அதாவது முழுநாள் சம்பளம், எடுக்க முடியாது, அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். காலநிலைக் கொள்கை என்ற பெயரில் வந்த ஒரு முடிவின் விலையை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளர்கள் கொடுத்தார்கள். உங்கள் அரசியல்வாதி அப்போது அரசாங்கப் பக்கமா, எதிர்ப்பக்கமா? அந்த ஏழு மாதத்தில் என்ன பேசினார்? ஹன்சாட்டில் நான் முதலில் திறக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

விளக்குகள். கம்பத்தில் ஒட்டியிருக்கும் பெயர், யாருடைய பணம் என்று சொல்லாது. உறுப்பினருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியாக இருக்கலாம், பிரதேச சபையின் காசாக இருக்கலாம், ட்ரஸ்ட் (பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்) போட்டதாக இருக்கலாம், ஒரு தொண்டு நிறுவனமும் கொடுத்திருக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. பதுளை மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘சூரிய விளக்கு பற்றிய தகவல் தருக’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ‘இன்ன ஆண்டு ஜனவரியிலிருந்து இன்ன ஆண்டு டிசம்பர் வரை, இன்ன தோட்டத்தின் இன்ன டிவிசனுக்கு வீதி விளக்குகளுக்காக ஒதுக்கப்பட்ட தொகை, அது எந்த நிதியிலிருந்து வந்தது, சிபாரிசு செய்தவர் யார், செலவான தொகை, ஒப்பந்தகாரர், வேலை முடிந்த திகதி, பராமரிப்பு யார் பொறுப்பு.’ 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே இடத்தில் அதற்கென்று குறித்த அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதன் பின் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் ஒரு மாலை கழகத்துப் பிள்ளைகள் பாதையில் நடந்து, எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை எரியவில்லை என்று எழுதட்டும். பராமரிப்பு யார் பொறுப்பு என்ற வரிக்கு வரும் பதிலைவிட இது வேகமாகக் கிடைக்கும்.

சொத்து விபரத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி கொடுக்கப்படும் சொத்துப் பிரகடனங்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வருகின்றன. சிறு நீர்மின் கம்பனிகளில் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். பங்கு வைத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் ஓடையை மறித்துக் கட்டிய நிலையத்தை ஆதரித்துப் பேசியவரிடம் அதன் பங்கும் இருந்தால், கூட்டத்துக்கு அது தெரிய வேண்டும்.

இனி, துண்டுப்பிரசுரத்தில் இல்லாத ஒன்று, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மலையகத்தில் காலநிலை என்றால் முதலில் மண்சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின, அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள்தான் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலய வரைபடங்களைப் போட்டு வைத்திருக்கிறது. வரைபடத்தில் இருக்கும் லயத்திலிருந்து மக்களை எடுத்து, ஆபத்தில்லாத காணியில் வீடு கட்டித் தருவதற்குத்தான் கையெழுத்தும் காசும் தேவை. உங்கள் பிரதேச செயலகத்துக்கு இன்னொரு தகவல் கடிதம் போடுங்கள்: உங்கள் டிவிசனில் அபாயமென்று அறிவிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, மாற்றுக் காணி கொடுக்கப்பட்டவை எத்தனை, மீதிக் குடும்பங்களின் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது. அப்புறம் அந்த அரசியல்வாதி இதற்காகப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் ஏதாவது பேசினாரா என்று கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். அந்தக் குறிப்புகளும் பிரதேச செயலகத்தில்தான் இருக்கும், ஆகவே இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

எல்லாம் கிடைக்க இரண்டு மாதம் போகலாம். அடுத்த கூட்டத்துக்கு ஹன்சாட்டும் மத்திய வங்கி அட்டவணையும் போதும், விளக்குக் கணக்கையும் காணிக் கணக்கையும் பிறகு சொல்லுங்கள். வாசிப்பதற்கு முன் உங்கள் தாளில் ஒரு பிரதியை அவருடைய அலுவலகத்துக்கும் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். பதில் தந்தால் அதையும் ஒரு வரிகூட வெட்டாமல் வாசியுங்கள்.