ஒரு வரிக் கேள்விக்கு எதற்கு மூன்று பாக்கெட் சம்பிரதாயம்?

கே: கணினிகள் தகவலை நம்பகமாகப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான டிசிபியில் (TCP) இணைப்பை ஏற்படுத்தவே மூன்று பாக்கெட் (சிறு தகவல் பொட்டலம்) ஆகிறது. ஒரு கேள்வி, ஒரு பதில் என்று முடிகிற வேலைக்கும் இந்தச் சடங்கு தேவையா? இதைத் தவிர்க்க யாரும் யோசிக்கவில்லையா?
– கணினி அறிவியல் மாணவர் ஒருவர்

ப: யோசித்தார்கள், செய்தும் பார்த்தார்கள், சூடும் பட்டார்கள்.

உங்கள் எரிச்சல் நியாயம்தான். ‘இணையலாமா?’ என்று கேட்கும் ‘சின்’ (SYN) அனுப்பி, ‘சரி’ என்னும் ‘சின்-ஆக்’ (SYN-ACK) வந்த பிறகுதான் உங்கள் கேள்வியே கிளம்பும். இதையும், அதற்கு நீங்கள் அனுப்பும் ‘ஆக்’ (ACK) என்ற ஒப்புதலையும் சேர்த்துத்தான் ஹேண்ட்ஷேக் என்பார்கள். சர்வர் கடல் தாண்டி இருந்து, ஒரு தடவை போய்வர 200 மில்லி விநாடி ஆகிறதென்றால் பதில் கைக்கு வர 400. பெரிய ஃபைலை இறக்கும்போது இது உறைக்காது. ஒரு தளத்தின் ஐபி முகவரியை, அதாவது அதன் எண் முகவரியை, கேட்பதற்கு இவ்வளவா? அதனால்தான் தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் (DNS), இணைப்புச் சடங்கே இல்லாத யுடிபி (UDP) என்ற நெறிமுறையில் பெரும்பாலும் ஓடுகிறது. கேள்விக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று, தொலைந்தால் திரும்பக் கேள், அவ்வளவுதான்.

சரி, டிசிபியின் நம்பகமும் வேண்டும், யுடிபியின் வேகமும் வேண்டும் என்றால்? அதற்குத்தான் 1994இல் ராபர்ட் பிரேடன் என்ற இணைய ஆய்வாளர் ஆர்எஃப்சி 1644 (RFC 1644) என்ற தொழில்நுட்ப ஆவணத்தில் டி/டிசிபி (T/TCP) என்ற டிசிபி நீட்சியை விவரித்தார். சின், கேள்வி, ‘முடித்துக்கொள்கிறேன்’ என்னும் ஃபின் (FIN) மூன்றும் ஒரே பாக்கெட்டில் போகும். மொத்தம் மூன்று பாக்கெட்டில் கதை முடியும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண் உண்டு, போன தடவை வந்ததைவிடப் பெரிய எண் வந்தால் ‘இது புதுசு’ என்று சர்வர் ஹேண்ட்ஷேக் கேட்காமலேயே வேலையை ஆரம்பித்துவிடும்.

கோளாறு அங்கேதான். ஏறுவரிசை எண்ணை யாரும் ஊகிக்கலாம். அனுப்புநர் இடத்தில் அடுத்தவர் முகவரியைப் போட்டு, பெரிதாக ஒரு எண்ணையும் போட்டு அனுப்பினால் சர்வர் நம்பிவிடும். சாதாரண டிசிபியில் சின்-ஆக் நிஜமான முகவரிக்குத்தான் போகும், அதைப் பார்க்காத போலி ஆசாமியால் அடுத்த அடி வைப்பது கஷ்டம். ஆக, நீங்கள் வெட்டிச் சடங்கு என்று நினைப்பது வாசலில் ஆள் பார்க்கிற வேலையையும் செய்துகொண்டிருந்தது! 2011இல் டி/டிசிபியை ‘வரலாற்றுக்குரியது’ என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

ஆசை மட்டும் விடவில்லை. 2014இல் வந்த டிசிபி ஃபாஸ்ட் ஓப்பன், முதல் தடவை முறையாக ஹேண்ட்ஷேக் செய்து ஊகிக்க முடியாத ஒரு குக்கீயை (அடையாளச் சீட்டு மாதிரி) சர்வரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அடுத்த தடவை அதைக் காட்டினால் சின்னோடு கேள்வியும் உள்ளே போகும். ஆனால் அதே பாக்கெட் இரண்டு தடவை வந்து சேர்ந்தால் சர்வர் இரண்டு தடவையும் வேலையைச் செய்துவிட வாய்ப்புண்டு. பக்கத்தைக் காட்டு என்பது இரண்டு தடவை நடந்தால் நஷ்டமில்லை. பணம் அனுப்பு என்பதை மட்டும் இந்தக் குறுக்குவழியில் அனுப்பாதீர்கள்.