பேஸ்பாலில் தன் உச்சக் காலத்தில் யாராலும் தொட முடியாத பிட்சர் (பந்து எறிபவர்) யார்? கோஃபாக்ஸா, கிப்சனா, பெட்ரோ மார்டினெஸா?

பெட்ரோ மார்டினெஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு அவர் எறிந்த 1999, 2000 ஆகிய இரண்டு வருடங்கள். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் எல்லோரும் சாண்டி கோஃபாக்ஸ், பாப் கிப்சன் என்று அடித்துப் பேசுகிறார்கள், ஒரே ஒருவர் மட்டும் பெட்ரோ என்கிறார், எண்களைப் பார்த்தால் மற்றவர்கள் சொல்வதுதான் சரி போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர், இப்போதுதான் இந்த ஆட்டம் பிடிபட ஆரம்பித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு முன்னால் இங்கே பதில் எழுதிய ஒருவர், "பெட்ரோ பூஞ்சை உடம்பு, நூறு பந்துக்கு மேல் தாங்காது, இரண்டு வருட ஆட்டத்தை வைத்து மேதை என்று சொல்லிவிட முடியாது" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் எண்கள். ஈ.ஆர்.ஏ. என்பது ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. ஃபீல்டர்கள் கோட்டைவிட்டதால் வந்த ரன் இதில் சேராது. 1968-இல் செயின்ட் லூயிஸ் அணியின் கிப்சனுக்கு அது 1.12. அந்த வருடம் 13 ஆட்டங்களில் அவர் எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். 1966-இல் கோஃபாக்ஸ் 27 வெற்றி, 1.73. பெட்ரோவின் சிறந்த வருடமான 2000-இல் அவருக்கு 1.74. வெறுமனே வரிசைப்படுத்தினால் பெட்ரோ மூன்றாவது. உங்கள் நண்பர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் 1968-இல் கிப்சன் மட்டுமா நன்றாக எறிந்தார்? அந்த வருடம், இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் முழுவதிலும் 0.300-க்கு மேல், அதாவது பத்து முறை ஆடினால் மூன்று முறைக்கு மேல் ஹிட், அடித்த ஒரே ஆள் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. அவரும் 0.301 தான். பிட்சர் நின்று எறியும் மேடு அப்போது 15 அங்குல உயரம். 1963-இலிருந்தே ஸ்ட்ரைக் எல்லையையும் (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் அவருக்கு எதிராக எண்ணப்படும் பந்து போகும் பகுதி) பெரிதாக்கி வைத்திருந்தார்கள். பேட்டர்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது என்று பார்த்துத்தான் 1969-இல் மேட்டை 10 அங்குலமாகக் குறைத்தார்கள், ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். கோஃபாக்ஸின் பெரிய வருடங்கள் எல்லாமே அந்த உயரமான மேட்டில், அதிலும் பாதி ஆட்டம் ரன் எடுக்கவே சிரமமான டாட்ஜர் ஸ்டேடியத்தில். மழைக்கு மூடாத ஆடுகளத்தில் பந்து வீசியவர் எடுத்த விக்கெட்டையும், தார் ரோடு போன்ற ஆடுகளத்தில் வீசியவர் எடுத்த விக்கெட்டையும் நாம் ஒன்றாகவா எண்ணுவோம்?

2000-இல் நிலைமை தலைகீழ். அமெரிக்கன் லீக்கின் மொத்தச் சராசரி ஈ.ஆர்.ஏ. ஏறக்குறைய 5. பெட்ரோவுக்கு 1.74. அந்த லீக்கில் அவருக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்தவர் ரோஜர் கிளெமன்ஸ்: 3.70. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு ரன் வித்தியாசம். 217 இன்னிங்ஸில் 128 ஹிட் (பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்வது), 32 வாக் (எல்லைக்கு வெளியே நாலு பந்து போனதால் சும்மா பேஸ் கிடைப்பது), அவ்வளவுதான். ஓர் இன்னிங்ஸுக்கு ஒருவர்கூட ஹிட்டாலோ வாக்காலோ பேஸுக்குப் போகவில்லை என்று கணக்கு வருகிறது (0.737). ஒரு முழு சீசனில் இதைவிடக் குறைவாக யாரும் எறிந்ததில்லை, இன்றுவரை.

அவர் யாருக்கு எறிந்தார் என்பதையும் பாருங்கள். 1998-இல் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), சாமி சோசா 66. அடுத்த வருடம் 65, 63. ஊக்க மருந்தால் பேட்டர்கள் ஊதிப்போயிருந்த காலம் அது என்று பிற்பாடு ஊருக்கே தெரிந்தது. 1999 ஜூலையில், இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டம் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் நடந்தது. பெட்ரோ அன்று ஆறு பேருக்கு எறிந்தார். பாரி லார்கின், லாரி வாக்கர், சோசா, மெக்வயர், ஜெஃப் பாக்வெல் என்று ஐந்து பேர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்). தப்பித்த ஒரே ஆள் மாட் வில்லியம்ஸ், அதுவும் ஃபீல்டர் பிழையால். அந்த வருடம் வாக்கர் அடித்தது 0.379 என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சரி, எண்களை விடுங்கள். நான் பெட்ரோ ஆளாக ஆனதற்கு எண்கள் காரணம் இல்லை.

1999-இல் நான் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் ஒய்2கே வேலையில் (2000 பிறக்கும்போது கணினிகள் தடுமாறாமல் சரிசெய்யும் வேலை) இருந்தேன். பகலில் கணினிகளை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் பாதி நாள் இரவு வேலை. கட்டிடத்தில் நானும் வாசலில் இருந்த செக்யூரிட்டிப் பெரியவரும் மட்டும்தான். அவர் டொமினிக்கன் ரிபப்ளிக்காரர். பெட்ரோவின் ஊரான மனோகுவாயாபோவுக்கு நிறைய தடவை போயிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார். மேசையில் சின்ன டிவி, இழுப்பறையில் தையல் பிரிந்த ஒரு பழைய பந்து. எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் கொண்டுபோகும் எலுமிச்சை சாதத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

பெட்ரோவின் சேஞ்ச் அப் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். பந்தை எடுத்து என் கையில் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் ஒரு வட்டம் போடுகிற மாதிரி மடித்துவிட்டார். மற்ற மூன்று விரல்களும் மேலே. பந்து உள்ளங்கைக்குள் ஆழமாக உட்கார்ந்துவிடுகிறது. இப்போது எவ்வளவு வேகமாகக் கையைச் சுழற்றினாலும் பந்துக்கு அந்த வேகம் போய்ச் சேராது. அதுதான் சூட்சுமம். பேட்டர் கையைப் பார்த்து 95 மைல் வேகப் பந்து என்று நினைத்து மட்டையைச் சுழற்றுவார். பந்து 80 மைலுக்கும் கீழே வந்து, கடைசி நொடியில் அமுங்கி விழும். பெட்ரோவுக்கு விரல்கள் மிக நீளம், பின்பக்கமாகவும் வளையும். அந்த விரல்களால் பந்துக்கு ஏற்றிவிடும் சுழற்சி வேறு யாருக்கும் கைவராது. நான் எறிந்து பார்த்தேன், பந்து கையைவிட்டுப் போகவே மறுத்தது.

அக்டோபர் 11, கொலம்பஸ் தினம். கிளீவ்லாந்துக்கு எதிரான ப்ளேஆஃப் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம். கிளீவ்லாந்து அந்த சீசனில் 1,009 ரன் எடுத்த அணி. 1950-க்குப் பிறகு ஆயிரத்தைத் தொட்ட முதல் அணி அதுதான். மேனி ரமிரெஸ் மட்டும் 165 ரன் கொண்டுவந்திருந்தார். பெட்ரோ முதல் ஆட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டு நாலு இன்னிங்ஸோடு வெளியேறியவர், இனி எறிவாரா என்றே தெரியாது. மூன்று இன்னிங்ஸ் முடிவதற்குள் இரண்டு அணியின் பிட்சர்களும் நார்நாராகக் கிழிந்துவிட்டார்கள். 8-க்கு 8 என்று இருந்தபோது, நாலாவது இன்னிங்ஸில் பெட்ரோ நடந்து வந்தார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், ஆட்டம் முடிகிற வரை உட்காரவில்லை.

அன்று அவரிடம் வேகப் பந்து இல்லை. முதுகு விடவில்லை. கர்வ் பால், சேஞ்ச் அப், இன்ன இடம் என்று குறிவைத்துப் போடுவது, இதை வைத்தே ஒப்பேற்றினார். ஆறு இன்னிங்ஸ், ஒரு ஹிட்கூட இல்லை. தோம், ரமிரெஸ், அலோமர் எல்லோரும் வந்து வந்து திரும்பினார்கள். பாஸ்டனின் நோமார் கார்சியபாராவுக்குப் பயந்து அவருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்துவிட்டு ட்ராய் ஓ'லியரிக்கு எறிந்தது கிளீவ்லாந்து. அப்படி இரண்டு முறை செய்து இரண்டு முறையும் ஓ'லியரியிடம் ஹோம் ரன் வாங்கியது. 12-க்கு 8. கடைசியில் ஓமர் விஸ்கெல் ஸ்ட்ரைக் அவுட். பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பூஞ்சை உடம்பு" என்று எழுதியவர் அந்த ஆறு இன்னிங்ஸைத் தேடிப் பார்க்கட்டும்.

இந்த உடம்பு விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கூட்டிவந்த கன்சல்டன்சியின் மேனேஜர் என் முன்னாலேயே, "ஆள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறான், இவனை எப்படி கிளையன்ட் முன்னால் நிறுத்துவது" என்று ஃபோனில் பேசியவர். கிளையன்ட் என் வேலைக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்குப் போனது. வேலை கிடைக்கிற வரை சம்பளம் கிடையாது, கேட்டால் விசாவைக் காட்டி மிரட்டுவார்கள். நம்ம ஆட்களே நம்ம ஆட்களுக்குச் செய்தது இது. இன்றைக்கும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதே கதையைக் கேட்கும்போது வயிறு எரிகிறது. உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்தால் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். எச்-1பி விசாவில் வந்தவரைச் சம்பளம் இல்லாமல் பெஞ்சில் (வேலை கொடுக்காமல்) உட்கார வைப்பது இங்கே சட்டவிரோதம், தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

கேள்விக்கு வருகிறேன். பெட்ரோவையும் உடம்பைப் பார்த்துத்தான் எடைபோட்டார்கள். உயரம் ஐந்தடி பதினொன்று, எடை 77 கிலோ. ஆட்டத்தைத் தொடங்கி நிறைய இன்னிங்ஸ் எறியும் ஸ்டார்ட்டராகத் தாங்க மாட்டான் என்று டாட்ஜர்ஸ் நிர்வாகம் முடிவுகட்டி, 1993 நவம்பரில் டெலினோ டீஷீல்ட்ஸ் என்ற இரண்டாம் பேஸ்காரருக்காக அவரை மாண்ட்ரியலுக்குத் தள்ளிவிட்டது. அண்ணன் ரமோன் அதே டாட்ஜர்ஸில் பெரிய பிட்சர். தம்பியை நம்ப ஆள் இல்லை. 1997-இல் அந்தத் தம்பி 241 இன்னிங்ஸ் எறிந்தார், 13 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே முடித்தார், 305 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.90. இவரா தாங்காதவர்?

இரண்டு வருடம்தான் என்ற வாதமும் சரியில்லை. 1997, 1999, 2000 மூன்று வருடமும் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 1999-இல் 23 வெற்றி, 4 தோல்வி, 313 ஸ்ட்ரைக் அவுட். அந்த வருடத்தின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே வந்திருக்க வேண்டும். முதலிடத்துக்கான வாக்கு அவருக்குத்தான் அதிகம். ஆனால் இரண்டு பத்திரிகையாளர்கள் தங்கள் பத்துப் பேர் பட்டியலில் அவர் பெயரையே எழுதவில்லை. 13 புள்ளி வித்தியாசத்தில் விருது இவான் ரோட்ரிகெஸுக்குப் போனது. ரோட்ரிகெஸ் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் அருமையான கேட்சர். அந்தப் பட்டியல்களை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கோஃபாக்ஸை நான் குறைத்துச் சொல்வதாகக் கிளம்பிவிடாதீர்கள். 1965 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வில், கர்வ் பால் சரியாக விழாமல், வேகப் பந்தை மட்டும் நம்பி எதிரணிக்கு ரன்னே தராமல் முடித்தவர். முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில், 27 ஆட்டங்களை வென்ற வருடத்தோடு விலகியவர். தைரியத்தில் அவருக்கு இணை அவர்தான். ராண்டி ஜான்சன் 1999 முதல் 2002 வரை வரிசையாக நான்கு சை யங் வாங்கியவர், 2001-இல் 372 ஸ்ட்ரைக் அவுட். ஆனால் ஒரு தனி வருடத்தை எடுத்து வைத்தால் பெட்ரோவின் 2000-க்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவர் என்று நான் ஒப்புக்கொள்வது கிரெக் மேடக்ஸை மட்டும்தான். 1994-இல் 1.56, 1995-இல் 1.63, அவையும் ரன் நிறைய வந்த வருடங்கள்தான். ஆனால் 1994 சீசன் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே நின்றுபோனது, அடுத்த சீசனும் முழு நீளம் இல்லை. மேடக்ஸ் பேட்டரை மோசமாக அடிக்க வைத்து ஃபீல்டரிடம் பந்தை அனுப்புவார். பெட்ரோவுக்கு அந்தக் கலையும் தெரியும், யார் தயவும் இல்லாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்யவும் தெரியும்.

கருத்துப் பெட்டியில் ஜேக்கப் டிகிராமின் 2018-ஐக் கொண்டுவருபவர்கள் (1.70, எனக்கும் பிடித்த வருடம்) அந்த வருட லீக் சராசரியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், பேசலாம். அது 4-க்குப் பக்கத்தில். பெட்ரோ எறிந்த லீக்கில் 5-க்குப் பக்கத்தில்.