குடியிலிருந்து மீண்டு வருகிறேன். தன்பாலீர்ப்பாளனாகவும் விசுவாசியாகவும் இருக்க முடியுமா?

முடியும். நான் இருக்கிறேன்.

குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன என்றும், "குடியிலிருந்து விடுவித்த ஆண்டவர் இதிலிருந்தும் விடுவிப்பார்" என்று சபையில் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை மறுத்தால் மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயம். உங்கள் சபையார் இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அந்த மூட்டையைப் பிரிப்பதுதான் உங்கள் வேலை.

என் தாத்தா உபதேசியார். தென் மாவட்டத்தில் ஆலயமணிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஞாயிறு காலையில் பாடகர் குழு, சனி இரவில் டாஸ்மாக். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 6ஆம் அதிகாரம் 9, 10 வசனங்களைப் போதகர் வாசிக்கும்போதெல்லாம் தலை குனிவேன். ஆண்புணர்ச்சிக்காரர், வெறியர் (அதாவது குடிகாரர்) இருவருமே அந்தப் பட்டியலில் உண்டு; எனக்கு அதில் இரண்டு இடம். பொருளாசைக்காரரும் அதே பட்டியலில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு எங்கள் கோயிலில் முன்வரிசை நாற்காலி.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போனார்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் இரவு கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஊறியது. சுவரில் எறும்புகள் சாரைசாரையாக ஏறின, எனக்கு மட்டும். பிறகு வலிப்பு வந்தது. பிசாசு புறப்படுகிறது என்று சத்தமாக ஜெபித்தார்கள். கூட்டத்தில் செவிலியராக வேலை பார்த்த ஓர் அக்கா இருந்ததால் பிழைத்தேன். "இது பிசாசு இல்லை, குடியை நிறுத்தினால் வருவது, வண்டியைக் கூப்பிடுங்கள்" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் ஜெபம் நின்றது. அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கம் அடங்க மருந்து கொடுத்தார்கள்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் இதை வாசிக்கும் வேறு யாராவது நாளை உபவாசத்துக்குக் கிளம்பலாம். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்கள் உயிருக்கே ஆபத்தானவை. மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும், ஜெபமும் இருக்கட்டும். இன்னொன்று: தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குடியை விடுவதற்குத் தரும் டைசல்பிராம் அப்படிக் கொடுக்கும் மருந்தல்ல. அதன் மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்.

பிறகு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்கிற, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்களுக்குப் போனேன். என் ஸ்பான்சர், அதாவது எனக்கு வழிகாட்டிய மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நெற்றி நிறைய விபூதி. ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் நான்காவது படியில் நம் குறைகளை நாமே கணக்கெடுத்து எழுத வேண்டும். நான் நோட்டில் முதல் வரியாக, எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பதை எழுதியிருந்தேன். வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

"இது எதற்கு இங்கே தம்பி? இதை மறைக்கப் பெண் பார்க்கப் போய் உட்கார்ந்து, பஜ்ஜி தின்றுவிட்டு வந்தாயே, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னாய்? அதை எழுது."

அவ்வளவு பெரிய மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம், இவ்விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. பொய்க்கும் சுபாவத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். குடியை வளர்த்தது என் ஈர்ப்பு அல்ல, அதை ஒளித்து வைக்கும் ஓயாத உழைப்பு. போதை ஏறினால்தான் அந்த உழைப்பிலிருந்து எனக்கு ஓய்வு கிடைத்தது. அதனால்தான் உங்கள் பயத்தைத் தலைகீழாகப் பார்க்கிறேன்: மறுத்தால் அல்ல, மாறிவிட்டதாக நடிக்க ஒப்புக்கொண்டால்தான் பாட்டில் பக்கத்தில் வரும்.

ஏ.ஏ.வின் ஆரம்ப நாட்களிலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய இயக்கம் அது. சீக்கிரமே ஒருவர் வந்து, குடியைவிட இழிவாகப் பார்க்கப்படும் வேறொன்றும் எனக்கு உண்டு, சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அது பாலியல் சார்ந்தது என்று பில் பிற்காலத்தில் சொன்னார். இருந்தவர்கள் பதறினார்கள். ஆண்டவர் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று டாக்டர் பாப் கேட்டதும் பேச்சு முடிந்தது. உறுப்பினராகக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும் என்பது இன்றும் விதி.

"இதற்கும் சிகிச்சை உண்டு" என்று யாராவது மருத்துவர் பெயரைச் சொன்னால் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன் தனக்கே இது புரிய வேண்டும் என்று உளவியல் ஆலோசகரிடம் போய் அமர்ந்தவர் அவர். உங்கள் போதகரிடம் அந்தப் பணிவை எதிர்பார்க்க முடியாதுதான்.

வேத வசனங்களோடு மல்லுக்கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு விளக்கம் கண்டுபிடித்த பிறகுதான் குடிக்காமல் இருப்பேன் என்றால் நடக்காது. எனக்குத் துணையாக இருப்பது அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரம். விதையடிக்கப்பட்டவன் சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம். அப்படிப்பட்ட எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டு, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறார். முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை என்கிறான் அவருக்குச் சுவிசேஷம் சொன்ன பிலிப்பு. வேறு நிபந்தனை எதுவும் அங்கே இல்லை.

சபையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம், ஆனால் மேடையேறிச் சாட்சி சொல்லாதீர்கள். "இதிலிருந்தும் விடுதலையானேன்" என்கிற இரண்டாம் பாதியை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். நான் வேறு ஆலயத்துக்கு மாறிக்கொண்டேன், கடைசி பெஞ்ச். அம்மாவுக்குத் தெரியும், பேசுவதில்லை, மீன் குழம்பு வைத்தால் கூப்பிடுவார். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், குடிக்கென்று 14446. திருவிருந்தில் புளித்த திராட்சரசம் கொடுக்கிறார்களா, வெறும் சாறா என்று ஆலயப் பணியாளரான கோயில்குட்டியிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ரசமாக இருந்தால் அப்பத்தோடு எழுந்து வந்துவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.