கேம் ரிலீஸ் தேதியை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: மகன் ஜிடிஏ 6 வீடியோ கேம் வேண்டும் என்று நச்சரித்ததால் தெரிந்த கடையில் 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து புக் செய்தேன். ரசீதில் டிசம்பர் 31 என்று தேதி போட்டிருக்கிறார்கள். தள்ளிப்போனால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? இந்தத் தேதிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: அந்த டிசம்பர் 31 கேம் கம்பெனி சொன்ன தேதி அல்ல. கம்ப்யூட்டரில் முன்பதிவைப் பதிய வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தேதியைப் போட்டாக வேண்டும். சரியான தேதி தெரியாதபோது வருடத்தின் கடைசி நாளைப் போட்டுவிடுவார்கள். பெரிய ஆன்லைன் கடைகளும் இப்படித்தான் செய்கின்றன. ஆகவே டிசம்பர் 31, மார்ச் 31 மாதிரியான தேதிகளைக் கண்டால் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

தயாரிப்பாளரான ராக்ஸ்டார் என்ன சொன்னது என்று பார்ப்போம். 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தபோது வெறுமனே 2025 என்றார்கள். 2025 மே மாதம் அது 2026 மே 26 ஆனது. அதே 2025 நவம்பரில் அது 2026 நவம்பர் 19 ஆனது. இந்தக் கம்பெனிக்கு இது புதிதல்ல. ஜிடிஏ 5-ஐ 2013 முதல் பாதியில் தருவதாகச் சொல்லிவிட்டு அந்த ஆண்டு செப்டம்பர் 17-இல்தான் கொண்டுவந்தார்கள். இவர்களின் இன்னொரு கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு முதலில் சொன்னது 2017 கடைசி. பிறகு 2018 முதல் பாதி என்று மாற்றி, ஒருவழியாக 2018 அக்டோபர் 26-இல் வெளியிட்டார்கள். இவர்கள் வாயிலிருந்து வரும் முதல் தேதியை நான் தேதியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் இப்படி? கேம் முடிந்த பிறகு தேதி சொல்வதில்லை. பங்குதாரர்களுக்கும் விளம்பரத்துக்கும் ஒரு தேதி தேவைப்படும்போது சொல்கிறார்கள். தனித்தனியாகச் செய்த பாகங்களைக் கடைசியில் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் கோளாறுகள் வரிசை கட்டி வரும். அதற்கு மேல் சோனி, மைக்ரோசாப்ட், நின்டென்டோ மூவரும் தங்கள் கன்சோலுக்கான (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி) சோதனையைத் தனியாக நடத்துவார்கள். அதையும் தாண்டி டிஸ்க் அச்சுக்குப் போகும் நிலையை 'கோல்ட்' என்பார்கள். அந்தச் செய்தி வந்துவிட்டால் தேதியைப் பெரும்பாலும் நம்பலாம்.

பெரும்பாலும் என்று நான் இழுப்பதற்குக் காரணம் சைபர்பங்க் 2077 என்ற கேம். 2020 ஏப்ரல் 16 என்று அறிவித்து, செப்டம்பர் 17-க்கும் பிறகு நவம்பர் 19-க்கும் தள்ளினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் கோல்ட் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் 21 நாள் தள்ளி டிசம்பர் 10! அன்றைக்கு வந்தது உண்மைதான். ஆனால் சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோலில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து சோனியே சுமார் ஒரு வாரத்தில் தன் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மறுபடி அங்கே விற்பனைக்கு வந்தது. என்னைக் கேட்டால், தாமதத்தைவிட இப்படி அரைவேக்காட்டில் வருவதுதான் வாங்குகிறவருக்குப் பெரிய நஷ்டம்.

நேர்மாறாக ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேம். 2019-இல் அறிவித்தார்கள். 2022 ஜூனில், 12 மாதத்துக்குள் வரும் என்று பேச்சு வந்தது, வரவில்லை. கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று, செப்டம்பர் 4-இல் வெளியீடு என்றார்கள். சொன்ன நாளில் வந்தது. இரண்டு வாரம் தள்ளி இருக்கும் தேதிக்கும் இரண்டு வருடம் தள்ளி இருக்கும் தேதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்போது உங்கள் 1,000 ரூபாய். கடைக்குப் போய், கேமின் பெயர், எந்தக் கன்சோலுக்கானது, வாங்கிய தொகை, தேதி தள்ளினால் பணம் வாபஸ் என்ற நான்கையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தெரிந்த கடை என்பதற்காகக் கூச்சப்படாதீர்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் உங்கள் பிடி இன்னும் பலமானது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஆன்லைன் சந்தையில் விற்பவர், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. அவர் கையை மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. கடையோ ஆன்லைனோ, பணம் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

கேள்வி: டிஸ்க் வேண்டாம், நேரடியாக டவுன்லோட் வாங்கினால்?

பதில்: பணத்தைத் திரும்பப் பெற அதுதான் சுலபம். பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ப்ரீ-ஆர்டரை ரிலீஸுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரிலீஸான பிறகு 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டோர் கொஞ்சம் கறார். கேமை டவுன்லோட் செய்யத் தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் வராது. எப்படியும் டவுன்லோடில் ஸ்டாக் தீராது. அப்புறம் எதற்கு முன்கூட்டியே பணத்தைக் கட்டுவது? விமர்சனங்கள் வந்த பிறகு வாங்குங்கள். அதிலும் உங்களிடம் இருக்கும் அதே கன்சோலில் ஓட்டிப் பார்த்து எழுதிய விமர்சனமாகப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் கன்சோல் இல்லை, பிசிதான். ஜிடிஏ 6-க்காக இப்போதே புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நவம்பர் 19 என்றது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும்தான். ஜிடிஏ 5 பிசிக்கு வர 2015 ஏப்ரல் ஆனது, அதாவது 19 மாதம் கழித்து. அதற்குள்ளும் அந்தப் பிசி தேதி ஜனவரி, மார்ச் என்று நகர்ந்தது. ரெட் டெட் 2-க்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். பிசி பதிப்புக்கு எவ்வளவு மெமரி, எந்தக் கார்டு வேண்டும் என்று கம்பெனி பட்டியல் வெளியிடட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.