பாதி காகிதம், மீதி வாளியில்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், காகித ஆலை ஆய்வகத்தில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது உச்சிப்புளியில் வசிக்கிறார்.)

கேள்வி: வேதிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலம். அதில் காகிதம் செய்வதை ப்ராஜெக்டாக எடுத்தேன். பட்டை உரித்து, சில்லு சீவி, காஸ்டிக் சோடா கரைசலில் போட்டுக் குக்கரில் மூன்று மணி நேரம் வேகவைத்தேன். சில்லு சில்லாகவே இருக்கிறது. மிக்சியில் அடித்துத் தாள் வார்த்தால் பழுப்பாக வருகிறது, மடித்தால் ஒடிகிறது. வேறு செடிக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?
– மாணவி, கீழக்கரை

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன் அம்மா. அந்தக் குக்கர் அலுமினியமா, எவர்சில்வரா? அலுமினியம் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அடுப்புக்குப் பக்கத்தில், மூடிய பாத்திரத்தில் ஹைட்ரஜன் சேர்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்று வேதிப் பொறியியல் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எவர்சில்வர் என்றாலும் வீட்டு அடுப்படியில் வேண்டாம். வெயிட் வழியே சூடான காரம் பீய்ச்சினால் கண் போய்விடும்.

இனி சில்லு ஏன் வேகவில்லை என்று பார்ப்போம். வீட்டுக் குக்கர் 120 டிகிரிக்கு மேல் போகாது. ஆலையில் மரச் சில்லு வேகும் சூடு 160 முதல் 170 டிகிரி. ஐம்பது டிகிரிதானே வித்தியாசம் என்று தோன்றும். காஸ்டிக் சோடாவோடு சோடியம் சல்பைடும் சேர்த்து வேகவைக்கும் கிராஃப்ட் முறைக்கு 1957-இல் வ்ரூம் வகுத்த, சூட்டையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும் ‘எச் ஃபேக்டர்’ கணக்கை எடுத்துப் பாருங்கள். 100 டிகிரியில் லிக்னின் (மரத்தின் பசை) கரையும் வேகத்தை 1 என்று வைத்தால், 120-இல் அது சுமார் 9. 170-இல் 900-க்கும் மேல். உங்கள் குக்கர் ஆலையை விட நூறு மடங்கு மெதுவாக வேலை செய்கிறது. காஸ்டிக் சோடா மட்டும் போடும் உங்கள் சோடா முறைக்கு எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. நுண்ணுயிரியல் துறையில் கிருமி நீக்க வைத்திருக்கும் ஆட்டோகிளேவும் 121 டிகிரிதான், அதைக் கேட்டு அலைய வேண்டாம். எண்ணெய்த் தொட்டியில் சுழலும் சிறு எஃகுக் குண்டுகள் கொண்ட டைஜஸ்டர் (சில்லு வேகவைக்கும் கலம்) உள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள். ஆலைகளின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

தாள் ஒடிவதற்கும் காரணம் இதுவே. இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் போகவில்லை. வேகாததை மிக்சியில் போட்டால் கத்தி இழையைப் பிரிக்காது, வெட்டும். சீமைக்கருவேலத்தின் இழை இயல்பிலேயே குட்டை. அதையும் வெட்டினால் மிஞ்சுவது மாவு.

செடியை மாற்றலாமா என்றால், மாற்ற வேண்டாம் என்பேன். கேள்வியை மாற்றுங்கள். “இதில் காகிதம் வருமா” என்று கேட்டால் எந்தச் செடிக்கும் வரும் என்பதுதான் பதில். அதற்கு ஒரு வருடம் உழைக்க வேண்டியதில்லை. 100 கிராம் காய்ந்த சில்லுக்கு எத்தனை கிராம் கூழ் வந்தது, எவ்வளவு காரம் தின்றது, கூழில் மிச்ச லிக்னின் எவ்வளவு? இந்த மூன்றும் இல்லாத அறிக்கையை ஆலைக்காரர் யாரும் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார். மிச்ச லிக்னினுக்குக் கப்பா எண் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட், அயோடைடு, தயோசல்பேட் இருந்தால் போதும், எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடியும். கப்பா எண்ணை 0.15-ஆல் பெருக்கினால் தோராயமாக லிக்னின் விழுக்காடு. ஆலையில் ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த எண்ணைச் சொல்லும் வேலை என்னுடையது. டைஜஸ்டர் ஆட்கள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

இன்னொன்று. பக்கத்திலேயே சவுக்கு கிடைக்கும். ஆலைகள் கூழுக்கென்றே வாங்கும் மரம் அது. அதே காரம், அதே சூடு, அதே நேரத்தில் அதையும் வேகவைத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத எண் ஊமை எண். இரண்டையும் வைத்துப் பார்த்தபின், சீமைக்கருவேலம் கரிமூட்டத்துக்குப் போவதே மேல் என்று முடிவு வந்தால் அதைத் தைரியமாக எழுதுங்கள். அதுவும் ஆராய்ச்சிதான்.

கேள்வி: வாழை மட்டைக் கூழில் கைத்தாள் வார்த்து இழுவிசை சோதிக்கிறோம். ஒரே கூழ், ஒரே எடை. ஆனால் ஒரு வாரம் வந்த எண் அடுத்த வாரம் வருவதில்லை. கருவி சரியாக இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?
– ஆராய்ச்சி மாணவர், ராமேசுவரம்

பதில்: தம்பி, கருவியை விட்டுவிடுங்கள். எந்தத் தண்ணீரில் வார்த்தீர்கள்?

நம் மாவட்டத்தில் ஒரே வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கும். குழாயில் காவிரித் தண்ணீர், அது வராத நாளில் டேங்கர், புழங்க போர். கல்லூரித் தொட்டியிலும் அதே கதைதான். நாக்கில் வைத்தால் வித்தியாசம் தெரியும். இழைக்கு நாக்கை விடக் கூர்மை. கூழ் இழையின் மேல் அமிலத் தொகுதிகள் இருக்கின்றன. நல்ல தண்ணீரில் அவை சோடியத்தைப் பிடித்துக்கொண்டு இழையை ஊதவைக்கும். ஊதிய இழை வளைந்து கொடுக்கும், பக்கத்து இழையோடு அதிக இடத்தில் ஒட்டும், தாள் வலுக்கும். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த தண்ணீரில் அதே இழை ஊதாது. உப்பு கூடக் கூட ஊதல் குறையும். அப்போது தண்ணீர் சல்லடையில் சீக்கிரம் வடியும், “இன்று நன்றாக வடிகிறதே” என்று சந்தோஷப்படுவீர்கள். தாளின் வலிமை குறைந்திருக்கும்.

அதனால் கூழைக் கழுவுவது தொடங்கித் தாள் வார்ப்பது வரை வாலை வடித்த நீரோ, அயனி நீக்கிய நீரோ மட்டும் பயன்படுத்துங்கள். அவ்வளவு கிடைக்காது என்றால் ஒரே ஆர்.ஓ. தண்ணீரை மொத்தமாகப் பிடித்து, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறனை அளந்து, ஒவ்வொரு தாளின் எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தண்ணீர் பாதிதான். மீதி, காற்று. காகிதம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். உலகம் முழுக்கக் காகிதச் சோதனைக்கு ஒப்புக்கொண்ட நிலை 23 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதம். தீவில் கடற்காற்று வீசும் நாளில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 50 எங்கே கிடைக்கும்? ஈரம் ஏறிய தாளின் இழுவிசை இறங்கும். உங்கள் வாராந்தர ஏற்ற இறக்கத்தில் பெரும் பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய செலவு வேண்டாம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அடியில் ஒரு தட்டில் மெக்னீசியம் நைட்ரேட்டை, கரையாமல் கொஞ்சம் மிஞ்சும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து வையுங்கள். 25 டிகிரியில் பெட்டிக்குள் ஈரப்பதம் 53 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். மேலே கம்பி வலையில் தாள்களை ஒன்றோடொன்று படாமல் பரப்பி, எடை மாறாமல் நிற்கும்வரை விடுங்கள். தவறி உப்பு நீர் தாளில் சொட்டினால் அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெட்டிக்குள் வைக்கும் முன் தாளைச் சிலிக்கா ஜெல் உள்ள இன்னொரு பெட்டியில் காயவையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நனைந்த பக்கத்திலிருந்து 50-க்கு வரும் தாள், காய்ந்த பக்கத்திலிருந்து வரும் தாளை விடக் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஈரப்பதமானியில் ஒரே எண் தெரிந்தாலும். எப்போதும் காய்ந்த பக்கத்திலிருந்தே வாருங்கள். அவசரத்தில் 105 டிகிரி ஓவனில் வைத்து விடாதீர்கள். அந்தச் சூடு ஈரம் கணக்கிட எடுக்கும் துண்டுக்கு மட்டும். வலிமை பார்க்கும் தாளை 40 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது.

“ஒரே எடை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈரக் கூழின் எடையா, காய்ந்த எடையா? 200 சதுர செ.மீ. தாள், சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள தாளாக வர, முழுக்கக் காய்ந்த கணக்கில் 1.2 கிராம் இழை வேண்டும். ஈரத்தை அன்றன்றைக்கு அளக்காமல் ஈரக் கூழை நிறுத்துப் போட்டிருந்தால், மேலே சொன்ன இரண்டையும் விட முதலில் இதைத் திருத்துங்கள்.

கேள்வி: அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். பாசியிலும், கரையில் ஒதுங்கும் கடல்புல்லிலும் காகிதம் செய்யலாம் என்று படித்தேன். கல்லூரிப் போட்டிக்குச் செய்து காட்டலாமா?
– மாணவர், பாம்பன்

பதில்: எல்லாப் பாசியிலும் இழை இல்லை. கட்டக்கோரையிலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது பெரும்பாலும் கொழகொழப்பு. காய்ந்தால் படலமாகும், காகிதமாகாது. மரிக்கொழுந்துப் பாசியின் நெருங்கிய உறவான ஜெலிடியத்தின் உள்ளே நுண்ணிய இழைகள் உண்டு. அதில் அகர் எடுத்தபின் மிஞ்சும் இழையைக் கொண்டு கொரியாவில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தாள் வழவழப்பாக, பின்பக்கம் தெரியாமல் வரும்; ஆனால் தண்ணீர் வடிய நேரமாகும். அதற்காக அம்மா முங்கி எடுத்த மரிக்கொழுந்தை வேகவைக்காதீர்கள். அகருக்குப் போகும் விலை காகிதத்துக்கு ஒருநாளும் வராது. அகர் எடுக்கும் இடங்களில் கொட்டும் சக்கையைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; கடிதம் எழுதிக் கேளுங்கள்.

கடல்புல்லைத் தொடாதீர்கள். அது ஆவுளியாவின் (கடற்பசு) சாப்பாடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கியதுதானே என்றாலும் வனத்துறையைக் கேட்காமல் அள்ளக் கூடாது. அனுமதி கிடைத்தால், ஒரு கைப்பிடியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, 525 டிகிரி உலையில் எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுத்துப் பாருங்கள். மணலும் உப்பும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேலே போவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கேள்வி: மகள் வேதியியல் படிக்கிறாள். காகிதத் துறையில் மேற்படிப்புப் படிக்க ஆசைப்படுகிறாள். எல்லாம் போனில் வந்துவிட்ட காலத்தில் இது பிழைக்கும் படிப்பா?
– தகப்பனார், தேவிபட்டினம்

பதில்: எழுதும் தாளும் செய்தித்தாளும் சுருங்கினாலும், போனில் ஆர்டர் செய்யும் ஒவ்வொரு பொருளும் அட்டைப் பெட்டியில்தானே வருகிறது. கரூர் காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையில் தாள் செய்யும் தமிழ்நாடு அரசின் ஆலை, இரண்டாவதாக மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் தொடங்கியது அட்டை ஆலைதான். பள்ளிபாளையத்திலும், உங்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் முக்கூடலிலும் ஆலைகள் உண்டு. படிப்புக்கு ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் சகரன்பூர் வளாகம் பெயர் பெற்றது; மத்திய கூழ், காகித ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஊரில் இருக்கிறது. தூரம்தான். அனுப்புங்கள் ஐயா. பெண்பிள்ளை ஷிப்டு வேலைக்குப் போவதா என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவர்களில் கப்பா எண்ணைத் தப்பில்லாமல் கொடுத்த கைகள் பெண்களுடையவை.

கேள்வி: என் மாணவர்கள் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறார்கள். மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை அமிலம் விட்டுச் சமன் செய்து சாக்கடையில் ஊற்றிவிடலாமா?
– ஆசிரியர், பரமக்குடி

பதில்: வேண்டாம் ஐயா. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

100 கிராம் காய்ந்த வைக்கோலில் 45 கிராம் கூழ் வந்தால், மீதி 55 கிராம் அந்தக் கறுப்புத் தண்ணீரில் இருக்கிறது. போட்ட காஸ்டிக்கும் அதற்குள்தான். தாளை விட வாளியில்தான் சரக்கு அதிகம். பெரிய ஆலை அதைச் சுண்டக் காய்ச்சி எரித்து, நீராவியும் எடுத்து, காரத்தையும் மீட்கிறது. வைக்கோலில் சிலிக்கா இருப்பதால் அந்த மீட்பு சிக்கலாகும். மீட்கும் வசதி இல்லாத சிறு ஆலைகள் பல இந்த நாட்டில் மூடப்பட்டதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். அமிலம் விட்டால் பி.எச். மட்டும் சரியாகும், சோடியம் எங்கும் போகாது. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருக்கும் மாவட்டத்தில், ஏற்கெனவே உப்பேறிய மண்ணில், இன்னும் சோடியத்தை எப்படி விடுவது?

முதலில் வடியும் கெட்டியான நீரை அடுத்த வேகவைப்புக்குத் திரும்ப ஊற்றச் சொல்லுங்கள். ஆலையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மிச்சத்தில், காற்றோட்டமான இடத்தில், நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பி.எச். 3-க்குக் கீழே கொண்டுவந்தால் லிக்னின் பழுப்பாகத் திரியும். வடிகட்டி, காயவைத்து, நிறுக்கச் சொல்லுங்கள். சோடியம் சல்பைடு சேர்த்து வேகவைத்த நீரில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி ஆளைக் கொல்லும். வடிந்த நீர், கல்லூரியின் வேதிக்கழிவுக் கலத்துக்குப் போகட்டும்.

துணிந்த மாணவர் ஒருவர் இருந்தால், காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைக்கோலை வேகவைக்கச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மிஞ்சும் நீரில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், அது பயிருக்கு உரம். அமிலத்தால் சமன் செய்து, நீர்க்கவைத்து, தொட்டியில் முண்டு மிளகாய் நாற்றுக்கு விட்டு, பக்கத்தில் வெறும் தண்ணீர் விட்ட நாற்றையும் வைத்து, மண்ணின் உப்பை இரண்டிலும் அளக்கட்டும். அறிக்கை வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.