பறப்பவளுக்கு உப்பு ஆகாது

கேள்வி: 1811-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் அடிமைக் கப்பல்களைப் பிடிக்கும் ஒரு பிரிட்டிஷ் தனியார் போர்க்கப்பலை வைத்து, நண்பர்களுடன் பகடை உருட்டி ஆடும் பாத்திரமேற்பு ஆட்டம் நடத்துகிறேன். மாலுமிகளில் ஒருத்திக்குப் பறக்கத் தெரியும். இன்னொருவன் செத்தும் வேலை பார்ப்பவன். பறப்பவள் போய் எதிரியின் பாய்க் கயிறுகளை அறுத்துவிட்டு வந்துவிடுகிறாள். சண்டை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. அவளைத் தடை செய்துவிடலாமா? பிடித்த கப்பலுக்காகக் கிடைக்கும் பிடிபணத்தில் செத்தவனுக்குப் பங்கு உண்டா?

பதில்: தடை செய்யாதீர்கள். உங்கள் கப்பலில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

1803-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், செயின்ட் சைமன்ஸ் தீவில் இறக்கப்பட்ட இக்போ மக்கள் அடிமைகளாக வாழ மறுத்து நீருக்குள் நடந்து போனார்கள். அவர்கள் மூழ்கவில்லை, ஆப்பிரிக்காவுக்கே பறந்து போனார்கள் என்று பின்னால் வந்தவர்கள் கதை சொன்னார்கள். ஜமைக்காவில் இதே கதைக்கு ஒரு நிபந்தனை உண்டு: உப்பு தின்றவனால் பறக்க முடியாது. அக்காலக் கப்பலில் மாதக்கணக்கில் கிடைத்ததோ பெரும்பாலும் பீப்பாயில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும்தான். கரையிலிருந்து ஏற்றிய அரிசியும் சேனையும் தீர்ந்த பிறகு அவள் பசியோடு பறக்க வேண்டும், அல்லது தின்றுவிட்டுத் தளத்தைக் கழுவ வேண்டும். பகடையே தேவையில்லை.

ஆட்டக்காரர் யாராவது ஒருவர் இங்கே வாதாடுவார், எனக்குத் தெரியும். கடலில் உப்புக்காற்று இல்லையா, அலைத் துளி உதட்டில் படாதா, வியர்வை உப்பில்லையா என்பார். தின்பதுதான் கணக்கு என்று சொல்லிவிடுங்கள். உதட்டில் பட்ட துளியைத் துப்பினால் குற்றமில்லை, நக்கினால் குற்றம். கடலில் விழுந்து நீர் குடித்துவிட்டால் அன்று பறக்க முடியாது, மறுநாள் முடியும். எதிரி வேண்டுமென்றே உப்புநீர் புகட்டினால்? அதுவும் தின்றதுதான், ஆனால் அந்தக் காட்சியை ஒரே ஒரு முறை மட்டும் வையுங்கள். கண்ணீரைப் பற்றிக் கேட்பவரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

செத்தவனுக்கும் அதே பீப்பாய்தான் பகை. ஹைட்டியில் சொல்லப்படும் ஜாம்பி, செத்த பிறகும் எஜமானனுக்கு உழைக்க வைக்கப்பட்டவன். உப்பு பட்டால் விழித்துக்கொண்டு கல்லறைக்குத் திரும்பிவிடுவான். அடிமை வாழ்வு சாவோடும் முடியாதோ என்ற அச்சத்தின் உருவம் அது. அவனை வேடிக்கைப் பொருளாக்காதீர்கள்.

இணையத்தில் விற்கும் 'வூடூ மந்திரவாதித் தொகுப்பு'களை வாங்கிவிடாதீர்கள். நான் இரண்டுக்குக் காசு கொடுத்து ஏமாந்தேன். ஹைட்டி, ஜமைக்கா, ஜார்ஜியா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, மேலே ஊசி குத்திய பொம்மை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். விற்பவருக்கு ஜமைக்காவின் மந்திர வழக்கமான ஓபியாவும் ஹைட்டியின் மதமான வூடூவும் ஒன்றுதான். அதை நம்பி ஆட்டம் நடத்தினால், மக்கள் நம்பிய தெய்வங்களைத் திருவிழாக் கடைப் பொம்மையாக்கிவிடுவீர்கள்.

இனிப் பங்கு. தனியார் கப்பலில் ஏறுமுன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டபோது அவன் உயிரோடு இருந்தால் பங்கு உண்டு. பயணத்தில் செத்திருந்தால் பணம் கேட்டு அவன் மனைவி துறைமுகத்தில் நிற்பாள். அவனோ பக்கத்திலேயே கயிறு சுருட்டிக்கொண்டிருப்பான். நல்ல காட்சி, விடாதீர்கள். ஆனால் துறைமுகச் சாராயக் கடைக்காரரைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். பிடித்த கப்பலைப் பற்றி நீதிமன்றத் தீர்ப்பு வந்து பணம் கைக்கு வர மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அதற்குள் குடிக்கக் காசில்லாத மாலுமி வரவேண்டிய பங்கைச் சாராயக் கடைக்காரருக்கு அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவான். பேயைவிட இந்த ஆள்தான் உங்கள் கதைக்குச் சரியான வில்லன்.

'டார்ட்' என்ற தனியார் கப்பல் 1810-11-இல் உண்மையிலேயே அந்தக் கரையில் அடிமைக் கப்பல்களைப் பிடித்தது. விடுவிக்கப்பட்ட தலைக்கு இவ்வளவு என்று அரசு தந்த வெகுமானமே இப்படிப்பட்ட கப்பல்களை அங்கே இழுத்தது. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்தால், எதிரிக் கப்பலைப் பிடிக்க அரசு தனியாருக்குத் தந்த உரிமப் பத்திரமும் முடிந்தது, ஆகவே 1815-ஐத் தாண்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள்? பிடிபட்ட அடிமைக் கப்பலிலிருந்து என்றால், 1807-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவளும் கப்பலோடு பறிமுதல் செய்யப்பட்ட பொருள். அரசுக்குச் சேர வேண்டியவள். சட்டத்துக்குப் பெயர் அடிமை வணிக ஒழிப்பு! 'விடுதலை' ஆனவர்களைப் படையில் சேர்க்கலாம், அல்லது 14 ஆண்டுகள் வரை யாரிடமாவது 'தொழில் பழகுபவராக' ஒப்படைக்கலாம். சங்கிலியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தால் கட்டினார்கள். ஆகவே, பிடிபட்ட அடிமைக் கப்பல்களைக் கொண்டுசேர்க்கும் சியரா லியோன் துறைமுகமான ஃப்ரீடவுனின் விளக்குகள் கண்ணில் படும் இரவில், சமையற்காரன் அவளுக்கு உப்பில்லாத கஞ்சி ஊற்றுவானா மாட்டானா என்பதில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள்.