மின்னூல் செயலியில் படித்தால் செஸ் ஆட்டம் முன்னேறுமா?

முன்னேறும். ஆனால் நகர்வுகளைத் தட்டிக்கொண்டே போனால் முன்னேறாது. செஸ் நூல்களைப் படிக்க உதவும் ஃபார்வர்ட் செஸ் போன்ற செயலியில், நூலில் உள்ள நகர்வைத் தொட்டாலே பலகை அந்த நிலைக்கு வந்துவிடும். சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினும் (செஸ் நிரல்) உள்ளேயே இருக்கிறது. வசதிதான், ஆனால் கணக்கிடும் வேலை உங்களிடமிருந்து போய்விடும். அதனால் முக்கியமான நிலை வந்ததும் நிறுத்துங்கள். அடுத்த நான்கைந்து நகர்வுகளை மனதிலேயே ஓட்டித் தாளில் எழுதுங்கள், அப்புறம் தொட்டுச் சரிபாருங்கள். எஞ்சினைக் கடைசியில் திறந்தால் போதும்: ஆசிரியர் சொல்லாத, உங்களுக்குத் தோன்றிய நகர்வு ஏன் தோற்கிறது என்று பார்க்க அது அருமையான துணை.

புதிதாகக் கற்பவர் என்றால் திறப்பாட்ட நூல்கள் இப்போது வேண்டாம். யானை முடிவாட்டங்களில் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) தொடங்குங்கள்: ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும்போது வெல்வதற்கு லூசேனா நிலை, ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும்போது டிரா செய்வதற்கு பிலிடோர் நிலை. இரண்டையும் நிஜப் பலகையில் அடுக்கி, இரு பக்கமும் ஆடிப் பாருங்கள்.